மஞ்சள் சட்டைக்காரன் வைத்த சுண்டல்

ஹாக்கி மைதானத்துக் காகத்துக்கு நீலச் சட்டை அணிதான் உயிர். மஞ்சள் சட்டை அணியைக் கண்டாலே ஆகாது. அரையிறுதியில் மஞ்சள் அணி நீலத்தைத் தோற்கடித்து வீட்டுக்கு அனுப்பியதும் காகம் கொதித்துப்போனது.

"இறுதி ஆட்டத்துல மஞ்சளுக்கு எதிர்ல எவன் வந்தாலும் நான் அவன் கட்சி," என்று அணிலிடம் சொல்லிவிட்டு, இறுதி ஆட்டத்தன்று மஞ்சள் அணியின் கோல் கம்பத்தில் உட்கார்ந்து திட்டித் தீர்த்தது.

இடைவேளையில் சுண்டல் கொடுத்தார்கள். பக்கம் மாறிப் போகுமுன் மஞ்சள் கோல்கீப்பர் தன் பங்கில் ஒரு பிடியைக் கம்பத்தடியில் வைத்தான்.

"யாருக்கு வைக்கிறான்?"

"உனக்குத்தான், எப்பவும்போல," என்றது அணில். "நீலத்தோட ஆடுறப்பல்லாம், இவன் வச்சிட்டுப் போன இடத்துல நீலக் கோல்கீப்பர் வந்து நிப்பான். அவன் வச்சதுன்னு நீயா நெனச்சுக்குவே. அவனா? பொட்டலத்தைக்கூட நக்கிடுவான்."

காகம் ஒரு கடலைகூட விடாமல் பொறுக்கித் தின்றது. திட்டுவதற்கு வாய் வரவில்லை. பறந்து போய் மஞ்சள்காரன் நிற்கும் கம்பத்திலேயே உட்கார்ந்தது.

கடைசி நிமிடத்தில் எதிரணிக்குப் பெனால்டி கார்னர். மஞ்சள் கோல்கீப்பர் பாய்ந்து பந்தைக் காலால் தடுத்தான். கம்பத்தின் மேலிருந்து சந்தோஷமாக ஒரு "கா" கேட்டது.

அணில் நிமிர்ந்து பார்த்தது.

"தொண்டையில சுண்டல் சிக்கிக்கிச்சு," என்றது காகம்.