ஆதம்பாக்கத்து உருண்டை

"நைனா, நீ பண்றது தப்பு. சட்டப்படியும் தப்பு, புத்திப்படியும் தப்பு" என்றாள் நிஷா.

வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்த லூர்துசாமி தலையைத் தூக்கவில்லை. "ஆதம்பாக்கம் போய்ட்டு வர்றதுக்கு இன்னா சட்டம் கீது?"

"போலி வைத்தியத்துக்குச் சட்டம் கீது. அந்தப் பேச்சியம்மாள் டாக்டரே கிடையாது."

"நீகூடத்தான் இன்னும் வக்கீல் கிடையாது. பேசலையா?"

நிஷாவின் அண்ணன் லாரன்ஸுக்குப் பிறவியிலேயே நுரையீரல் நோய். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். அப்பா பாதி, அம்மா பாதி என்று பிள்ளைக்கு எழுதிவைத்த சொத்து. சளி கோந்து மாதிரி நெஞ்சுக்குள் ஒட்டிக்கொள்ளும். தினமும் காலையும் மாலையும் நெபுலைசரில் உப்பு மருந்தை இழுக்க வேண்டும். பிறகு தலையைத் தாழ்த்திப் படுத்து, யாராவது முதுகில் தட்டித் தட்டி அதை வெளியே கொண்டுவர வேண்டும்.

"சின்னப் புள்ளையாட்டம் முதுகுல தட்டிக்கினு கிடக்க மாட்டேன்" என்று ஒருநாள் அவன் நெபுலைசரைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டான். மீசை வைத்த பிள்ளைக்கு ரோஷம்.

அடையாறு டாக்டர் திட்டினார். அம்மா அழுதாள். நிஷா விடிய விடிய வாதாடினாள். இருமல்தான் கூடியது. இப்படியே போனால் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அதற்கு நைனா கண்டுபிடித்த வழி இது. அப்பாவும் மகனும் பஸ் ஏறியபோது நிஷாவும் ஏறினாள், சண்டை போடுவதற்கென்றே.

பேச்சியம்மாள் தைல பாட்டில்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். லாரன்ஸின் கையைப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டாள்.

"உருண்டை தாரேன் தம்பி. ஆனா என் மருந்து அழுக்கு நெஞ்சுல எறங்காது. மொதல்ல ஆஸ்பத்திரி மிஷின்ல உப்பை இழுக்கணும். அப்புறம் கவுத்துப் போட்ட படகு மேல தலை தாழப் படுக்கணும். பெத்த தகப்பன் கையால தட்டணும். வேற கை ஆகாது. சளி வந்த பொறவுதான் உருண்டை. ஆஸ்பத்திரி மாத்திரை ஒண்ணு தவறுனாலும் உருண்டை வெசமாயிரும்."

நிஷாவுக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. "வேலை செய்யறது மிஷினு, பேர் வாங்கறது நீங்களா? இதுக்குப் பேரு ஏமாத்து வேலைங்க."

"இந்தப் புள்ளைக்கும் ஒரு உருண்டை தரட்டுமா? வாய்க்கு நல்லது" என்றாள் பேச்சியம்மாள்.

லாரன்ஸ் சிரித்து, இருமி, மறுபடியும் சிரித்தான்.

மறுநாள் காலை அவனே குனிந்து கட்டிலுக்கு அடியிலிருந்து நெபுலைசரை இழுத்தான். பிறகு பட்டினப்பாக்கம் மணலில், கவிழ்த்துப் போட்ட படகின் மேல் குப்புறப் படுத்தான். படகில் ஏறிய தண்ணீரை அள்ளிக் கொட்டுகிறவர்போல் லூர்துசாமி கையைக் குழித்துத் தட்ட ஆரம்பித்தார்.

"இன்னா லூர்து, காலங்காத்தால புள்ளைய அடிக்கிற?" என்றான் மீன் கூடையோடு போன ஒருவன்.

"வைத்தியம்பா. ஆதம்பாக்கத்து வைத்தியம்."

வைத்தியம் என்றதும் யாரும் சிரிக்கவில்லை. ரெண்டு பேர் அட்ரஸ் கேட்டார்கள்.

அடுத்த முறை ஊதிக் காட்டச் சொன்ன டாக்டர், "பரவாயில்லையே" என்றார். அம்மா மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினாள். குப்பம் முழுக்கப் பேச்சியம்மாள் புகழ்.

நிஷாவால் தாங்க முடியவில்லை. உருண்டை ஒன்றை வாயில் போட்டுப் பார்த்தாள். சுக்கு, மிளகு, பனைவெல்லம். அவ்வளவுதான். நேரே ஆதம்பாக்கத்துக்குப் போனாள்.

"உங்கள நுகர்வோர் கோர்ட்டுக்கு இழுக்கப் போறேன்."

"இழு தாயி. மொத சாட்சி உங்கப்பாதான்" என்றாள் பேச்சியம்மாள். "நீங்க வர்றதுக்கு முந்தின நாளே வந்து மிஷினு, படகு, மாத்திரை எல்லாத்தையும் எனக்கு மனப்பாடம் பண்ண வச்சுட்டுப் போனாரு. நான் மூட்டுவலிக்குத் தைலம் காச்சுறவ. நெஞ்சைப் பத்தி எனக்கு என்ன தெரியும்?"

வீட்டு வாசலிலேயே அப்பாவை மடக்கினாள் நிஷா.

லூர்துசாமி அக்கம்பக்கம் பார்த்தார். "டாக்டர் சொன்னதைத்தான் அந்தம்மா வாயில போட்டேன். உருண்டை மட்டும் அதோட யோசனை. அவன் நம்பிக்கினு கீறான், கண்ணு. சொல்லிக் கில்லி வச்சிடாத."

உள்ளே போனால், துண்டால் முகத்தைத் துடைத்தபடி லாரன்ஸ் வழியை மறித்தான். "இன்னா வக்கீலம்மா, மேல தைல வாசனை அடிக்குது. ஆதம்பாக்கமா?"

அவள் பதில் சொல்வதற்குள் குரலைத் தாழ்த்தினான். "அது சுக்கு உருண்டைன்னு மொத நாளே தெரியும். எனக்கு நாக்கு இல்லையா?"

"அப்புறம் எதுக்குடா அந்தம்மா சொன்னதையெல்லாம் செய்யுற?"

"பாதி நோவு நான் குடுத்ததுதானேன்னு நைனா என் மூஞ்சியையே பாக்காம இருந்தாரு. இப்ப தட்டும்போது பாட்டு பாடறாரு, கேட்டியா? அவரு நம்பிக்கினு கீறாரு. நீ வாயத் தொறந்து கெடுத்துடாத."

அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். "இன்னாடி, போன வேகத்துக்கு அந்தம்மாவ ஜெயில்ல போட்டுட்டு வருவேன்னு நெனச்சேன். இன்னா ஆச்சு? மருந்து போலிதானே?"

வாசலில் தட்டுப்பட்டது ஒரு தலை. துண்டுக்குள்ளிருந்து எழுந்தது இன்னொன்று. இரண்டும் நிஷாவையே பார்த்தன.

நிஷா அலமாரியிலிருந்த உருண்டை டப்பாவைத் திறந்து, ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"போலின்னு யாரு சொன்னது? கைகண்ட மருந்தும்மா."