குழிக்குக் குறுக்கே ஒரு கம்பி

வீட்டுக்கு வாங்கி வந்த பழைய பின்பால் என்னும் குண்டு விளையாட்டு மெஷினுக்குச் சொந்தக்காரர் தன் கையாலேயே புது ரப்பரும் விளக்கும் போட்டு உயிர் கொடுத்தார். வெளியே இருக்கும் பொத்தானை அழுத்தினால் உள்ளே இரண்டு துடுப்புகள் தட்டும்; தட்டத் தட்ட எஃகுக் குண்டு மேலே ஓடும். தப்பினால் அடியிலிருக்கும் குழியில் விழும், ஆட்டம் முடியும். விழும்போதெல்லாம் அவர் குழியைத்தான் திட்டுவார். குண்டு வந்து சற்று நேரம் மடியில் கிடக்குமே, அதற்காகக் குழி எந்தத் திட்டையும் பொறுத்துக்கொள்ளும்.

ஒருநாள் அவர் குழியின் வாய்க்குக் குறுக்கே ஒரு கம்பியை வைத்து முடுக்கினார்.

"இனி உன் பக்கம் யார் வரப்போறா?" என்று துடுப்புகள் சிரித்தன.

அன்று அவர் தோற்கவே இல்லை. ஆடினார், ஆடினார், கொட்டாவி விட்டார், பாதியில் எழுந்து போய்விட்டார். மறுநாள் வரவில்லை. அதற்கப்புறமும் வரவில்லை.

குண்டு கம்பியில் முட்டியபடி நின்றது. "உடம்பெல்லாம் வலிக்குதுடா. உள்ளே விடேன்."

"நானா தடுக்கிறேன்?" என்ற குழி, துடுப்புகளிடம் கெஞ்சியது. "நல்லா இருப்பீங்க, அந்தக் கம்பியை ஒரு தட்டுத் தட்டிச் சாய்ச்சு விடுங்களேன்."

துடுப்புகள் இப்போது சிரிக்கவில்லை.

"தட்டலாம். அதுக்கு வெளியே யாராவது வந்து பொத்தானை அழுத்தணுமே," என்றன.