முழுதும் வாசித்தவள்

எழுந்தேன். பல் தேய்த்தேன். பால் பொங்குவதற்குள் அடுப்பை அணைத்தேன். சட்டையை இஸ்திரி போட்டேன். காலர், கை, கடைசியில் முதுகு.

மாமனார் வந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"கூண்டுல ஏறினதும் சுத்தி வளைக்காதீங்க மாப்பிள்ளை. 'தப்புப் பண்ணிட்டேன்'னு அவ சொன்னதா சொல்லிடுங்க. பொண்ணுதான் போயிட்டா. பேராவது மிஞ்சட்டும்."

காப்பி கொடுத்தேன். குடித்தார். சர்க்கரை போட மறந்தது அவர் போன பிறகுதான் தெரிந்தது.

என் மனைவி வக்கீல். கடைசியாக அவள் எடுத்தது ஓர் எழுத்தாளனின் வழக்கு. ஆயுதம் ஏந்தினால்தான் விடிவு என்று ஒரு புத்தகம் எழுதியிருந்தான். பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் பிடித்துப் போட்டிருந்தார்கள். அவன் வீட்டைச் சல்லடையாகச் சலித்தும் புத்தகக் கட்டுகளைத் தவிர எதுவும் சிக்கவில்லை. வேறு எந்த வக்கீலும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

"கண்றாவியா எழுதியிருக்கான். அதுக்காகப் பாதி ஆயுசை உள்ள போடுவாங்களா?" என்றாள்.

குற்றப்பத்திரிகையில் போலீஸ் ஆறு வரியை மட்டும் எடுத்துப் போட்டிருந்தது. புத்தகம் முழுவதையும் நீதிமன்றத்தில் வாசித்தாக வேண்டும் என்று மனுப் போட்டாள். அவ்வளவையும் வாசிக்க ஆளுக்கு எங்கே போவது என்றார் நீதிபதி. "நானே வாசிக்கிறேன்" என்றாள்.

வீட்டில் பழகிப் பார்த்தாள். நான் வெங்காயம் நறுக்கியபடி புரட்சியைக் கேட்டேன். இரண்டாம் அத்தியாயத்தில் கண்ணில் நீர் வந்தது. அது வெங்காயத்தால் மட்டுமே வந்தது என்று என்னிடம் எழுதி வாங்கிக்கொண்டாள்.

வாசிப்பைக் கேட்க விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். டவாலிச் சேவகர் உட்கார்ந்தபடியே தூங்கினார். பெண் போலீஸ் ஒருவர் கொட்டாவியை அடக்கி அடக்கித் தோற்றார்.

கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு ஆண்களோடு மல்லுக்கு நிற்கும் பெண்களை நடுத்தெருவில் வைத்து அடிக்க வேண்டும் என்று ஓர் அத்தியாயம். அதையும் வாசித்தாள், கறுப்புக் கோட்டோடு. ஒரு சொல்லைக்கூட விழுங்கவில்லை. தண்ணீர் வராது என்ற அறிவிப்பைப் படிப்பது போன்ற குரல். அப்போது அவளை என் மனைவி என்று நினைக்கவே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. அவ்வளவு பெரிய ஆளாக நின்றிருந்தாள்.

இடைவேளையில் அந்த எழுத்தாளன் மனத்தாங்கலோடு அவளைக் கூப்பிட்டான்.

"கொஞ்சம் உணர்ச்சியோட படிக்கக் கூடாதா மேடம்? எழுதினவனுக்கு வயிறு எரியாதா?"

வீட்டில் வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். விக்கல் வந்துவிட்டது.

கடைசிப் பக்கத்தை முடித்து, புத்தகத்தை மூடி, நீதிமன்றத்தைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். இவ்வளவையும் கேட்டோமே, நம்மில் யாராவது வெடிமருந்து வாங்கக் கிளம்பிவிட்டோமா என்று கேட்டாள். சிரிப்பு எழுந்தது. நீதிபதி குனிந்து எதையோ தேடினார்.

அடுத்த வாரம், நீதிமன்றத்துக்கு எதிரே உள்ள பேருந்து நிறுத்தத்தில் குண்டு வெடித்தது. அவள் பேருந்துக்காக நின்றிருந்தாள்.

மற்றவர்கள் அங்கேயே முடிந்துபோனார்கள். அவள் மட்டும் சில நாள் இருந்தாள்.

அவள் கேட்ட கேள்வியைத் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பப் பேசினார்கள். பதில் கிடைத்துவிட்டது என்று கீழே எழுத்து ஓடியது. மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

உள்ளே ஒருவரைத்தான் விட்டார்கள். நான் வெளியே வந்ததும், கடைசியாக என்ன சொன்னாள் என்று மாமனார் என் கையைப் பிடித்துக்கொண்டார். கையை விடுவித்துக்கொண்டு படியிறங்கிவிட்டேன். அவராக ஒன்றை நினைத்துக்கொண்டார். 'தப்புப் பண்ணிட்டேன்' என்று அவள் சொன்னதாக நிருபர்களிடம் சொன்னார். மறுநாள் ஊர் முழுக்க அதுதான் பேச்சு.

அரசுத் தரப்புக்கு இப்போது அதுதான் பிடி. அவனுக்காக வாதாடியவளே, அவன் எழுத்தால்தான் இது நடந்தது என்று சாகும்போது ஒப்புக்கொண்டாள். நான் ஆமாம் என்றால் போதும். அவனுக்கு ஆயுள்.

அவன் உள்ளேயே கிடந்தால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அவளைத் திட்டித் தீர்த்த தெரு, பாவம் திருந்திவிட்டாள் என்று சொல்லும். மாமனார் நிமிர்ந்து நடப்பார்.

கூண்டில் ஏறினேன். முன்வரிசையில் மாமனார் கைகூப்பியது போல் உட்கார்ந்திருந்தார். எதிர்க்கூண்டில் எழுத்தாளன் நகம் கடித்துக்கொண்டிருந்தான்.

அரசு வக்கீல் இதமாகத்தான் கேட்டார்.

"அவசரமில்ல தம்பி. அவங்க கடைசியா என்ன சொன்னாங்க?"

அன்று மருத்துவமனையில் அவள் உதடு வெடித்திருந்தது. பஞ்சை நனைத்து ஒற்றினேன். எழுத்தாளன்மேல் கொலை வழக்கும் சேர்த்துவிட்டார்கள் என்று சொன்னேன். சொல்லியிருக்க வேண்டியதில்லை. பேச வேறொன்றும் கிடைக்கவில்லை.

கண்ணைத் திறந்தாள். எதிர்த்தரப்பு எதையோ கோட்டைவிட்டதைக் கண்டுகொண்ட நாட்களில் அவளுக்கு ஒரு முகம் உண்டு. அந்த முகம்.

அவள் சொன்னதை அப்படியே கூண்டில் சொன்னேன்.

"எழுதினவன் இத்தனை நாளும் ஜெயில்லதானே இருக்கான். குண்டு வெச்சவனை யாராச்சும் தேடுறாங்களாப்பா?"