மூலைக் குவியல்

"எவன்யா அது? மரியாதையா இப்பவே சொல்லிடுங்க."

காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் நெல் கழிவிலிருந்து கேஸ் எடுக்கும் கம்பெனி அது. முதலாளி பரசுராமன் போட்ட சத்தத்தில் பன்னிரண்டு ஆட்களும் தலைகுனிந்து நின்றார்கள்.

விஷயம் இதுதான். பதரையும் வைக்கோலையும் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைத்துத் தொட்டியில் போட்டால் கேஸ் கூடுதலாக வரும். ஆனால் காம்பவுண்டு மூலையில் இன்னும் ஊறவைக்காமல் கிடந்த வைக்கோல் குவியலில் யாரோ தினமும் ஒண்ணுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"சாம்பிள் எடுக்கக்கூட கிட்ட போக முடியலை சார். ஒரே பேஜாரு," என்று கெமிஸ்ட் கல்பனா எல்லார் எதிரிலும் புகார் சொல்லிவிட்டாள். முதலாளி சும்மா இருக்க முடியுமா?

"டைல்ஸ் போட்டு பாத்ரூம் கட்டி வெச்சிருக்கேன். அதை உட்டுட்டு குவியலைத் தேடிக்கினு போறான்னா, அவன் மனுஷனா மாடா?"

ஒழுக்கத்தைப் பற்றி ஆரம்பித்தால் அவர் லேசில் நிறுத்த மாட்டார். பத்து நிமிஷம் பொறுத்துப் பார்த்த வாட்ச்மேன் எபினேசர் கையைத் தூக்கினார்.

"நான்தான் சார்."

பரசுராமன் ஒரு விநாடி திகைத்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வாட்ச்மேனே இப்படியா? இந்த மாசத்தோட நின்னுக்கோ."

எபினேசரின் மகள் ஏஞ்சல் நர்சிங் கடைசி வருஷம். இந்த நேரத்தில் வேலை போனால் அவள் படிப்பு என்ன ஆவது? பாவம் என்று ஒருத்தனும் சொல்லவில்லை. "இந்த வயசுல இன்னா கருமம்யா இது?" என்று அவரைத்தான் திட்டினார்கள்.

மாசக் கடைசி. எபினேசர் விசிலையும் தொப்பியையும் ஒப்படைக்க ஆபீசுக்குள் வந்தபோது கல்பனா ஓடி வந்தாள்.

"சார், டெஸ்ட் ரிசல்ட் வந்துடுச்சி. சுண்ணாம்புல ஊறினதைவிட அந்த மூலைக் குவியல்ல ஒண்ணரை மடங்கு கேஸ். மூத்திரத்துல இருக்கிற யூரியாதான் வைக்கோலை இளக்கியிருக்கு. சென்னைலேர்ந்து புரொபசருங்க வராங்க. எபினேசர் அண்ணனுக்குப் பொன்னாடை போர்த்தணுமாம். பேப்பர்ல போட்டோ கூட வருமாம்."

பரசுராமன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"இவன் எங்கம்மா அதுல போனான்? அது நான்மா. எனக்கு சுகர், பாத்ரூம் வரைக்கும் தாங்காது. ரெண்டு மாசமா நான் ஒருத்தன்தான்."

ஆபீசே வாயைப் பிளந்தது. கல்பனா எபினேசர் பக்கம் திரும்பினாள்.

"அப்ப நீங்க ஏண்ணே ஒத்துக்கினீங்க?"

"தெனம் ஐயா அங்க நிக்கறப்போ, யாரும் வந்துடக்கூடாதுன்னு காவல் காத்தவனே நான்தாம்மா. பன்னெண்டு பேர் எதிர்ல அவரு மானம் போவக்கூடாதேன்னு கையைத் தூக்கினேன். அவருக்கே அந்த மானம் வேணாம்னா நான் இன்னா செய்யறது?"