வாசனை வருதா?

"வாசனை வருதா?" பழுப்புக் குப்பியில் நனைத்த காகிதத்தை மனைவியின் மூக்கருகே நீட்டினான் கணவன்.

"இல்லீங்க."

கொத்தமல்லி எண்ணெயை ஒருமுறை மோந்தாலே போதும். வடித்தது முற்றிய விதையிலா, பச்சை விதையிலா என்று சொல்லிவிடுவாள், வாசனை எண்ணெய் ஆலையின் தலைமைச் சோதகரான அவள். காய்ச்சலில் போன மோப்பம், தினமும் இந்தக் கொத்தமல்லி எண்ணெய்க் குப்பியை மோந்து பார்க்கும் ஒரு மாதப் பயிற்சியிலும் திரும்பவில்லை.

"ஆலையில அவங்களா வேலையை விட்டு அனுப்புறதுக்கு முன்னாடி, மரியாதையா நீயே எழுதிக் கொடுத்துடும்மா."

அழுதுகொண்டே ராஜினாமா மெயிலை அனுப்பினாள். சட்டென்று நிமிர்ந்தாள்.

"ஏங்க, பால் அடிப்பிடிக்கிற நாத்தம்!"

ஓடினாள். பால் தீய்ந்துதான் இருந்தது.

"எனக்கு மூக்கு வந்துடுச்சு! அப்போ... அந்தக் குப்பியில?"

"தண்ணி," என்றான், அதே ஆலையில் அவளுக்கு அடுத்த நிலைச் சோதகரான கணவன். "நாளைலேர்ந்து உன் நாற்காலி எனக்கு. நல்ல மூக்கும்மா, இனிமே பால் தீயாம பாத்துக்க உதவும்."