ஒண்ணுக்கு வந்த விருந்தாளி

லைன்மேன் மஞ்சள் பெயிண்டில் '1' என்று எழுதிவிட்டுப் போன நாளிலிருந்து அந்தத் தெருவின் முதல் மின்கம்பத்துக்குத் தலைகால் புரியவில்லை. எதிர் டீக்கடையில் யாராவது 'நம்பர் ஒன் டீ' என்றால், தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ளும். 'அவன் நம்பர் ஒன் ஃபிராடு' என்றாலும் அப்படித்தான்.

"உன்னை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கிறதில்லையே, பாவம்," என்று பக்கத்தில் இருந்த இரண்டாம் நம்பர் கம்பத்திடம் அடிக்கடி வருத்தப்படும்.

ஒருநாள் தெருக்கோடியிலிருந்து ஒரு செவலை நாய் ஓடிவந்தது.

"எங்கண்ணே இவ்வளவு அவசரமா?" என்று கேட்டது இரண்டாம் கம்பம்.

"ஒண்ணுக்கு," என்றது நாய், நிற்காமல்.

முதல் கம்பத்துக்கு உடம்பெல்லாம் கரண்ட் பாய்ந்தது. "கேட்டியா? இத்தனை கம்பம் இருக்க, ஒண்ணுக்குன்னே வர்றார். வாங்க சார், வாங்க. கூச்சப்படாதீங்க. உங்க இடம் மாதிரி நினைச்சுக்குங்க."

நாய் அப்படியே நினைத்துக்கொண்டு பின்னங்காலைத் தூக்கியது.

முதல் கம்பம் தன் அடி நனைவதைப் பார்த்தது. அப்புறம், "பன்னீர் தெளிக்கிறார்," என்றது.

பெருமையை விட்டுக்கொடுக்க அதற்கு மனசில்லை. நாய் கிளம்பும்போது முதல் கம்பம், பக்கத்துக் கம்பத்தைக் காட்டித் தாராளமாகச் சொன்னது: "இதுவும் நல்ல கம்பந்தான். ரெண்டுக்கும் ஒருதடவை வந்துட்டுப் போங்களேன்."

"ரெண்டுக்கா?" நாய் வயிற்றைக் கேட்டுப் பார்ப்பதுபோல் ஒரு கணம் நின்றது. "நாளைக்குக் காலையில வர்றேன்."

அன்று முழுக்க இரண்டாம் கம்பம், தன் மேல் வந்து உட்கார்ந்த காக்கைகளிடமெல்லாம் ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தது.

"லைன்மேன் எப்ப வருவார்? என்னை மூணுன்னு மாத்தி எழுதணும்."