பேரைச் சொன்னால் உயிர்

"சொல்லுங்க ஆன்ட்டி! பேரைச் சொன்னா போதும், அங்கிள் எழுந்துடுவாரு!"

கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு மைக்கில் கெஞ்சினாள் திவ்யதர்ஷினி. அந்தப் பக்கம் பஞ்சவர்ணம் தலையில் ஹெட்செட்டோடு கணினி முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தார். திரையில் அவருடைய கணவரின் வீரன் ஒரு பள்ளத்தில் குப்புற விழுந்து கிடந்தான்.

தேக்காவில் ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்தது அந்த கேம் கம்பெனி. இணையத்தில் சேர்ந்து விளையாடுகிறவர்கள் ஒருத்தர் பெயர் ஒருத்தருக்குத் தெரியாமலேயே விளையாடிவிட்டுப் போய்விடுகிறார்கள் என்பது திவ்யாவின் நெடுநாள் குறை. அதற்காகவே ஆறு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு புது வசதியைச் செய்திருந்தாள். கூட்டாளி விழுந்தால் அவருடைய மைக் அணைந்துவிடும். துணைக்கு இருப்பவர், விழுந்தவரின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் எழுந்து வருவார்.

"இன்னிக்கும் சரியா வரலைன்னா தூக்கிடலாம் லா. ரிலீஸுக்கு டைம் இல்ல," என்று காலையிலேயே சொல்லிவிட்டார் மேலாளர் நசீர். தூக்கினால் அந்த வசதியோடு திவ்யாவும் போக வேண்டியதுதான். அவளுடைய கான்ட்ராக்ட் இந்த மாதத்தோடு முடிகிறது.

ஐம்பதைத் தாண்டியவர்களுக்கும் இது புரிகிறதா என்று பார்க்க, ஆங் மோ கியோ வட்டாரத்திலிருந்து வரவழைத்த ஜோடிதான் பஞ்சவர்ணமும் முத்துசாமியும். ஆளுக்கு ஓர் அறை. வீரனுக்குப் பெயர் வைக்கச் சொன்னதும், "என் பேருக்கு என்ன குறைச்சல்?" என்று சொந்தப் பெயரையே வைத்துக்கொண்டார் முத்துசாமி.

ஆட்டம் தொடங்கியதிலிருந்து ஹெட்செட்டில் அவர் குரல்தான்.

"இடது பக்கம் போ. இடது பக்கம்னா இடது பக்கம்! அந்தப் பெட்டியத் தொடாத. தொடாதன்னேன்ல? சரி, தொட்டுட்ட, தொற. ஐயோ, அப்படியா தொறப்பாங்க?"

இப்படி மனைவிக்கு வழி சொல்லிக்கொண்டே வந்தவர், தன் காலடியில் இருந்த பள்ளத்தைப் பார்க்கவில்லை.

திவ்யாவால் பொறுக்க முடியவில்லை. அறைக்குள்ளேயே போய்விட்டாள்.

"ஆன்ட்டி, பட்டன்கூட அமுக்க வேணாம். 'முத்துசாமி'ன்னு ஒரு தடவ சொல்லுங்க, போதும்."

பஞ்சவர்ணம் தலையைக் குனிந்துகொண்டு லேசாகச் சிரித்தார். "இப்ப எப்படிம்மா சொல்றது?"

திவ்யாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அடக் கடவுளே, இதை எப்படி மறந்தேன்? செங்காங்கில் இருக்கும் அவளுடைய பெரியம்மா, கிளினிக்கில் கணவர் பெயரைக் கேட்டால் வாயைத் திறக்காமல் அவருடைய அடையாள அட்டையை எடுத்து நீட்டுவார்.

அவள் வெளியே வந்தபோது நசீர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "என்ன, ஊத்திக்கிச்சா?"

"தப்பு என்மேலதான் பாஸ். புருஷன் பேரைச் சொல்லாதவங்ககிட்டப் போயி பேரைச் சொல்லுன்னா எப்படி? அவங்கவங்க வீட்டுல எப்படிக் கூப்பிடுறாங்களோ அதையே ரெக்கார்ட் பண்ணிக்கட்டும். என்னங்க, மச்சான், பெரியம்மா, எதுவா இருந்தாலும் சரி. அந்தக் குரலுக்கு எழுந்து வரணும்!"

நசீர் கட்டியிருந்த கையைப் பிரித்தார். பிறகு மெல்லச் சிரித்தார்.

"எங்க வீட்டுல ரபியாவும் 'இந்தாங்க'ன்னுதான் கூப்பிடுவா. அதுக்கு நான் எழுந்திரிக்காம இருந்ததே இல்ல. எத்தன நாள் வேணும்?"

"மூணு நாள் போதும் பாஸ்!"

"செய். கான்ட்ராக்ட் பத்தி நான் மேல பேசிக்கிறேன்."

திவ்யாவுக்குக் கண் கலங்கிவிட்டது. திரும்பிப் பார்த்தாள். பாவம், பஞ்சவர்ணம் துணையில்லாமல் தனியாகவே போராடிக்கொண்டிருந்தார். வழியில் இருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாக, நிதானமாகத் திறந்து பார்த்துக்கொண்டே போனார். பத்து நிமிடத்தில் ஆட்டம் முடிந்தபோது, அன்று சோதனைக்கு ஆடியவர்களில் அவருக்குத்தான் இரண்டாம் இடம்.

அடுத்த அறையிலிருந்து முத்துசாமி வேகமாக வந்தார். "பத்து நிமிஷமா இருட்டுல கெடக்குறேன், ஏன் கூப்பிடல?"

"கோவிச்சுக்காதீங்க அங்கிள்," திவ்யா குறுக்கே புகுந்தாள். "உங்க மேல ஆன்ட்டி வெச்சிருக்கிற மரியாதை அப்படி. இந்தக் காலத்துல யாருக்குக் கெடைக்கும்?"

முத்துசாமி திருதிருவென்று விழித்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் பஞ்சவர்ணம் கம்பெனி கொடுத்த பிரியாணிப் பொட்டலத்தை அவர் கையில் வைத்து, "ஆறிடப் போவுது, வாங்க," என்று கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

அவர்கள் போன பிறகுதான் நாற்காலியில் தொங்கிய குடையைத் திவ்யா பார்த்தாள். எடுத்துக்கொண்டு படியிறங்கிப் பேருந்து நிறுத்தத்துக்கு ஓடினாள்.

சிராங்கூன் சாலையின் அத்தனை இரைச்சலையும் மீறி ஒரு குரல் கணீரென்று கேட்டது.

"முத்துசாமி! பஸ் வந்துருச்சு, பூக்கடையில என்ன வேடிக்கை? ஏய் முத்துசாமி, உன்னத்தான்!"

திவ்யா குடையும் கையுமாக அப்படியே நின்றுவிட்டாள். "ஆன்ட்டி... நீங்களா? அங்கிள் பேரை..."

"ஒண்ணாப்புலேருந்து ஒரே கிளாஸ்ல படிச்சோம், பின்ன வேற எப்படிக் கூப்பிடுறது?" பஞ்சவர்ணம் குடையை வாங்கிக்கொண்டு, கணவர் வருகிறாரா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அங்க கூப்பிட்டிருந்தா எழுந்துடுவாரும்மா. எழுந்தா மைக்கும் வந்துடும்லா!"